பட்டாளத்து நினைப்பு ஏன் விடுவதில்லை? முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதராஸ் ரெஜிமென்ட்டில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவன் நான். ஊர் திருவண்ணாமலை பக்கம். திரும்பி வந்தபின், சுற்றுவட்டார முன்னாள் படைவீரர்களுக்கு பென்ஷன் தாள், ஈசிஎச்எஸ் மருத்துவ அட்டை, பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் ஆகியவற்றை எழுதிக்கொடுக்கும் வேலையை நானாக எடுத்துக்கொண்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, மனைவி மெதுவாகப் பேச்செடுப்பார். சில சமயம் மகன் தனியாக வருவான். எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். பிறகும் ஏன் எந்நேரமும் பட்டாளத்துப் பேச்சு?

பட்டாளத்தில் 'கின்தி' என்று ஒன்று உண்டு. ஆள் எண்ணுவது. காலையில் பி.டி. என்ற உடற்பயிற்சிக்கு வரிசையில் நின்றதும் எண்ணுவார்கள். ரோந்துக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் எண்ணுவார்கள். சாயங்காலம் ரோல் கால். ஒரு தலை குறைந்தால் அத்தனையும் நின்றுவிடும். அவன் எங்கே, கடைசியாக யார் பார்த்தது, காய்ச்சலில் படுத்திருக்கிறானா என்று தெரியாமல் யாரும் கலைய முடியாது. இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை, 17 வருடமோ 24 வருடமோ ஒருவனை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் ஊருக்கு வந்த முதல் மாதம் ஒரு நாள், விடிகாலை நாலரைக்கு எழுந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பும்போது மதியம் பன்னிரண்டு. வீட்டில் மனைவி, "சாப்பிடறீங்களா?" என்றார். அவ்வளவுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மேல் பாசம் இல்லாமலும் இல்லை. நான் இல்லாமலே அந்த வீடு 24 வருடம் ஓடிப் பழகியிருந்தது. என் இடம் காலியாக இருந்தால் அது யார் கண்ணுக்கும் படாது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பப் பேசுவது பழம்பெருமை என்று தோன்றலாம். பெரும்பாலும் அவர் தேடுவது அந்தக் கின்தியைத்தான். நான் வராவிட்டால் யாரோ என்னைத் தேடி வருவார்கள் என்ற நிச்சயம் அது. ஊரில் அந்த நிச்சயம் கிடைப்பதில்லை.

அப்படியானால் துப்பாக்கி, சண்டை மேல் ஆசை இல்லையா?

நான் பழகியவர்களில் சண்டையை நினைத்து ஏங்கியவர் ஒருவர்கூட இல்லை. 1999இல் கார்கிலில் இருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பேசினாலும் மலையேறும்போது யார் யார் பையைத் தூக்கினார்கள், யாருடைய தண்ணீரை யார் குடித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தியப் படைவீரர்களில் மிகப் பலர் பெரும் போர் எதையும் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்கும் இதே ஏக்கம் இருக்கிறது. ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவருக்கும், லங்கர் என்கிற பட்டாளத்துச் சமையலறையில் ரொட்டி சுட்டவருக்கும், வண்டி ஓட்டியவருக்கும் இருக்கிறது.

அந்த ஒட்டுதல் எப்படித்தான் உண்டாகிறது? கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படி வருவதில்லையே?

முதல் காரணம் வயது. பதினேழரை, பதினெட்டு வயதில் போகிறோம். மீசை சரியாக முளைக்காத பையன், ட்ரங்குப் பெட்டியோடு எங்கள் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனில் போய் இறங்குகிறான். நீலகிரிக் குளிர். அன்றே தலையை மொட்டை மாதிரி வெட்டிவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் கொல்லத்துக்காரன், எதிரே தார்வாட்காரன், அந்தப் பக்கம் சித்தூர்க்காரன். யாருக்கும் யார் மொழியும் புரியாது. பயிற்சி தரும் உஸ்தாத் ஹிந்தியில் கத்துவார், அதுவும் புரியாது. ஒருவனுடைய பூட்ஸில் பாலிஷ் சரியில்லை என்றால் மொத்த ஸ்குவாடுக்கும் 'ரகடா' விழும். தண்டனையாக உருள வேண்டும், ஓட வேண்டும். முதல் வாரம் அந்த ஒருவன் மேல் கோபம் வரும். மூன்றாவது வாரம், ராத்திரி விளக்கணைந்த பிறகு நாலு பேர் உட்கார்ந்து அவன் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நட்பு அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பிடித்துப்போனதால் உதவவில்லை. உதவி உதவியே பிடித்துப்போனது.

இரண்டாவது, உடம்பு. நூறு பேர் ஒரே தாளத்தில் கால் வைப்பது, ஒரே மூச்சில் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்குவது ஆகியவற்றை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2009இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் துடுப்பு வீரர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அதே உழைப்பைத் தனியாகச் செய்தபோது தாங்கிய வலியைவிட, குழுவாக ஒரே தாளத்தில் துடுப்புப் போட்ட பிறகு அவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிந்தது. உடம்பு தனக்குள்ளே சுரக்கும் வலிநிவாரணிதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். டிரில் மைதானத்தில் நின்றவர்கள் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. முழங்கால் வலிக்கிறது என்று தனியாக நடக்க மறுக்கிற என் பேட்ச்மேட், நாலு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார்.

மூன்றாவது, மறைப்பதற்கு எதுவும் இல்லாதது. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் வீட்டில் கடன், யாருக்கு ஊரிலிருந்து கடிதம் வரவில்லை எல்லாம் பாரக்கில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பா இறந்த தந்தி வந்தபோது நான் அழுததை ஒன்பது பேர் பார்த்தார்கள். அவர்கள்தான் என் பெட்டியைக் கட்டினார்கள், கையில் பணம் திணித்தார்கள், வண்டி ஏற்றிவிட்டார்கள். ஒரு செக்‌ஷன் என்றால் பத்து பேர். அந்தப் பத்துப் பேரிடம் இனி நடிக்க என்ன இருக்கிறது?

'படி' என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்கிறார். அது யார்?

ராணுவத்தில் ஒவ்வொரு ஜவானையும் இன்னொருவனோடு இணை சேர்ப்பார்கள். அந்த இணையைத்தான், ஆங்கிலத்து 'buddy'யை நம் வாய்க்கு ஏற்ப மாற்றி, 'படி' என்கிறோம். ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருப்பான். ஒருவனுடைய சாப்பாட்டை மற்றவன் வாங்கி வைப்பான். அடிபட்டால் தூக்கிவர வேண்டியவனும் அவன்தான்.

சியாச்சின் பனிமலையில் இதன் அர்த்தம் இன்னும் ஆழமாகும். 1984 ஏப்ரல் 13இல் தொடங்கிய மேகதூத் நடவடிக்கை முதல் அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள். எதிரியைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. நடக்கும்போது எல்லோரையும் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொள்வோம். ஒருவன் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்து நிறுத்த வேண்டும். தன் கால் விரல் கறுத்துப்போனது தனக்கே தெரியாது, மரத்துப்போயிருக்கும். படிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி உன் காலை நான் பார்க்கிறேன், என் காலை நீ பார். அரிசி அங்கே குக்கர் இல்லாமல் வேகாது. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த ரசப்பொடியில் ஒரு ரசம் வைத்து, கூடாரத்துக்குள் ஆறு பேர் ஒரே மக்கில் மாற்றி மாற்றிக் குடித்திருக்கிறோம். அந்த ருசி வேறு எதிலும் வராது.

2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை மீது பனிப்பாறை சரிந்தது. 19வது மதராஸ் பட்டாலியனோடு இருந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உயிரோடு மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று ராணுவமே சொன்ன பிறகும் தோண்டுவது நிற்கவில்லை. மோப்ப நாய்களை வைத்துத் தேடி, பாறை மாதிரி இறுகிய பனியை வெட்டி, ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவர் காலமானார். நான் வேறு பட்டாலியன். ஆனாலும் அந்த ஆறு நாளும் எங்கள் பாரக்கில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. வெளியில் இருப்பவர்கள் அவர் பிழைத்ததை அதிசயம் என்றார்கள். எங்களுக்கு அந்தத் தோண்டுதல்தான் பெரிதாகப் பட்டது. கின்தியில் ஆள் குறைகிறது, அதனால் தோண்டினார்கள்.

ஊரிலும் நண்பர்கள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே. அவர்களோடு ஏன் ஒட்டவில்லை?

அவர் விட்டுப்போன ஊர் வேறு. அவர் திரும்பி வந்த ஊர் வேறு. கூடப் படித்தவர்களுக்கு இருபது வருடத்துக் கதை பொதுவாக இருக்கிறது. திருவிழா, தேர்தல், நிலத் தகராறு எதிலும் இவர் இல்லை. வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதுவும் கேட்டபோது கிடைக்காது. விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போனவர்.

இன்னொன்றை நான் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சாதி. பட்டாளத்தில் ஒரே லங்கரில் சாப்பிட்டோம். கோயில், மசூதி, சர்ச், குருத்வாரா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, 'சர்வ தர்ம ஸ்தல்' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்தோம். என் படி எந்தத் தெருவில் பிறந்தவன் என்று நான் கேட்டதில்லை, அவனும் என்னைக் கேட்டதில்லை. ராணுவத்தில் சாதியே கிடையாது என்று சொல்லமாட்டேன், சில ரெஜிமென்ட்டுகளின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் எங்கள் செக்‌ஷனில், தட்டில் ரொட்டி குறைந்தால் பக்கத்தில் இருக்கிறவன் தன்னுடையதைப் பிட்டுப் போடுவான். அப்படி இருந்த ஒருவர், சியாச்சின் போய் வந்தவர், ஊருக்குத் திரும்பி டீக்கடையில் உட்கார்ந்ததும், "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் பட்டாளத்தை நினைத்து ஏங்குகிறார் என்றால், அந்த ஏக்கத்துக்கு நம் ஊரும் பதில் சொல்லவேண்டும்.

நம் ஆட்கள் ஹிந்தியில் பேசிக்கொள்வது ஏன்? போனில் பேசும்போது வேறு ஆளாகவே மாறிவிடுகிறார்.

அது நீங்கள் நினைக்கிற ஹிந்தி இல்லை. தமிழ், மலையாளம், பஞ்சாபி, நேபாளி எல்லாம் கலந்து, இலக்கணம் பாதி உதிர்ந்த ஒரு பாரக் மொழி. அதில் சண்டை போட்டிருக்கிறோம், ஆறுதல் சொல்லியிருக்கிறோம். அதைப் பேசும்போது அவர் இருபத்திரண்டு வயதுக்குப் போய்விடுகிறார். தமிழ்ச் சொல் ஒன்றும் அங்கே நிலைத்திருக்கிறது: மதராஸ் ரெஜிமென்ட் ஜவானையும் பெங்களூரில் இருக்கும் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸ் ஜவானையும் 'தம்பி' என்றே ராணுவம் அழைக்கும். பஞ்சாபி அதிகாரி வாயிலும் 'தம்பி'தான். தலை நரைத்த பிறகு நம்மைத் தம்பி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? அந்தப் போனில் இருக்கிறார்கள்.

மற்ற அரசு ஊழியர்களும்தான் ஓய்வு பெறுகிறார்கள். இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

வயதைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். சிப்பாயாகவே இருந்து வருகிறவர் 35லிருந்து 40 வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார். படை இளமையாக இருக்கவேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் இப்படி வருகிறார்கள். பிள்ளை ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருக்கும். வீட்டுக் கடன் ஓடும். இன்னும் இருபது வருடம் உழைக்கவேண்டும், ஆனால் தெரிந்த தொழிலுக்கு வெளியே வேலை இல்லை.

மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் 10 சதவீதமும், அரசு வங்கிகளின் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. தேர்வு எழுதித் தேறுகிறவர்களுக்கு அது நல்ல வழி. மற்றவர்களில் பலர் காவலாளி வேலைக்குப் போகிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நடத்தும் டெக்ஸ்கோ நிறுவனமும் அப்படி வேலை வாங்கித் தருகிறது. எந்த வேலையையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஏடிஎம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்காரும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். ராணுவத்தில் ராத்திரிக் காவலுக்கு ஒருவனை மட்டும் தனியாக விடமாட்டார்கள். இங்கே விடியும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. முதலாளிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது, 'செக்யூரிட்டி' என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் எல்லோரையும் அதட்டுகிறார். செருப்பு வரிசையாக இல்லை என்றாலே கோபம். என்ன செய்வது?

இதை மனைவிமார் கேட்கும்போது எனக்கு மனசு கனக்கும், ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். மகள் பள்ளிக்கு ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினால், ஏதோ ரோந்தே கெட்டுப்போன மாதிரிக் கத்தினேன். அவள் ஒரு நாள், "அப்பா, நீங்க லீவுல வர்றப்ப நல்லா இருந்தீங்க" என்றாள். அன்றைக்குத்தான் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் முழுதாக இல்லை, குறைத்தேன்.

அவர் இருந்த உலகத்தில் நேரமும் ஒழுங்கும் உயிரோடு சம்பந்தப்பட்டவை. பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தெரியவில்லை என்றால் ஆபத்து. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிக்கிடக்கிறது. நீங்கள் இத்தனை வருடம் தனியாக வீட்டை நடத்தியவர், ரேஷன் முதல் மாமியார் ஆபரேஷன்வரை முடிவெடுத்தவர். இப்போது ஒரு வீட்டில் இரண்டு கமாண்டர். முழுப் பொறுப்பு ஒன்றை அவருக்கு ஒதுக்குங்கள், அதில் தலையிடாதீர்கள். எங்கள் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் என் பொறுப்பு. மோட்டார் போடுவது, தொட்டி கழுவுவது, பில் கட்டுவது. சின்ன விஷயம். ஆனால் நான் செய்யாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது, என்னைத் தேடுவார்கள்.

பட்டாளத்தில் எல்லாமே நல்லதாகவா இருந்தது?

இல்லை. தங்கை கல்யாணத்துக்கு விடுப்பு கிடைக்காமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணமே இல்லாமல் அவமானப்படுத்திய சீனியர்கள் இருந்தார்கள். மனம் உடைந்தவர்களும் உண்டு. வருடங்கள் போகப்போகக் கெட்டது மங்கி நல்லது மட்டும் பளபளக்கும். குடும்பத்தாரிடம் பேசும்போது நாமும் அதை ஒத்துக்கொள்ளவேண்டும். "அங்கே எல்லாம் சரி, இங்கே எல்லாம் தப்பு" என்றால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

கூட இருந்து இறந்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டுப் பாதியில் எழுந்து போகிறார்.

போகவிடுங்கள். தான் உயிரோடு வந்ததைக் குற்றமாக நினைக்கிறவர்கள் நிறைய. அன்றைக்குக் காவல் மாற்றிக்கொண்டோம், நான் போயிருந்தால் அவன் இருந்திருப்பான் என்ற கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை, அங்கே இருந்த இன்னொருவரால்தான் "அப்படி இல்லடா" என்று தடுக்க முடியும். எங்களுக்குள் கூடுவது அதனால்தான் தேவைப்படுகிறது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, இறந்தவரின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆடி அமாவாசைக்கு முன்னோர் பெயர்களோடு அப்பாவின் படி பெயரையும் சொல்லிப் படைக்கிறார்கள். அது அந்த அம்மா தானாகச் செய்தது. அவர் கணவர் அதன்பிறகுதான் முழுக்கதையையும் சொன்னாராம்.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று மட்டும் யாரும், குழந்தைகள்கூட, கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது யார் என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

குடி அதிகமாகிவிட்டது. ராணுவக் கேன்டீனில் கிடைப்பதால்தானே?

கேன்டீன் ஒரு வசதி, அவ்வளவுதான். யூனிட்டில் படா கானா அன்று, அதிகாரி முதல் சிப்பாய்வரை சேர்ந்து சாப்பிடும் அந்த விருந்தில், ரம் ஒரு அளவோடு கையில் வரும். பாட்டு, ஆட்டம், மறுநாள் காலை பி.டி. கூட்டம்தான் அதற்குக் கடிவாளம். இங்கே கூட்டம் போய்விட்டது, புட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது. தனியாக, தினமும், மறைத்துக் குடிக்கிறார் என்றால் தாமதிக்க வேண்டாம். ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் சொன்னால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

இது மனநோயா? டாக்டரிடம் போகவேண்டுமா?

ஏக்கம் நோய் இல்லை. ஆனால் ராத்திரி அலறி எழுவது, பட்டாசுச் சத்தத்துக்குத் தரையில் படுத்துவிடுவது, மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருப்பது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு ஆகியவற்றை ஏக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. நாள் முழுதும் கிடைக்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "பட்டாளத்துக்காரன் அழுதேன்னு யாருகிட்டயும் சொல்லாதே" என்று வளர்த்துவிட்டார்கள். அந்த ஒரு பாடத்தை நாம் திரும்பக் கொடுத்துவிடலாம்.

பெண்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ராணுவ நர்ஸிங் சேவையில் பெண்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். ராணுவப் போலீஸின் முதல் பெண் ஜவான்கள் 2021இல் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸிங் அதிகாரி ஒருவர் என்னிடம், "உங்களுக்காவது டீக்கடை இருக்கு, எனக்கு யார் இருக்கா?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

அக்னிவீரராக நாலு வருடத்தில் திரும்பி வரும் பையன்களுக்கும் இந்த ஏக்கம் வருமா?

2022 ஜூனில் அறிவித்த திட்டம் இது. முதல் அணி 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனது. நாலு வருட முடிவில் 25 சதவீதம்வரைதான் நிரந்தரமாக்குவார்கள், மற்றவர்கள் சேவா நிதி என்று மொத்தமாகத் தரும் தொகையோடு வெளியே வரவேண்டும், பென்ஷன் கிடையாது. அவர்களுக்குக் கஷ்டம் குறைவாக இருக்கும், இளவயது என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒட்டுதல் மூன்றாவது வாரமே தொடங்கிவிடுகிறது என்று மேலே சொன்னேன். அந்தப் பையன்கள் ஒட்டிக்கொண்ட சூட்டோடு பிரிகிறார்கள். அதுவும் பக்கத்துக் கட்டில்காரன் உள்ளே இருக்க, இவன் மட்டும் வெளியே வரவேண்டியிருக்கும். ஊரில் இருக்கும் மூத்த முன்னாள் வீரர்கள் முதல் வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். நான் போவேன்.

என்ன செய்தால் கொஞ்சம் குறையும்?

எனக்குப் பலித்தவற்றைச் சொல்கிறேன். விடிகாலை பள்ளி மைதானத்தில் ராணுவத் தேர்வுக்கு ஓடும் பையன்களுக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் பயிற்சி தருகிறோம். காசு வாங்குவதில்லை. ஓடுவதற்கு முன் கின்தி உண்டு. வராத பையன் வீட்டுக்கு ஆள் போகும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர்களில் இதெல்லாம் தானாக நடக்கும். மற்ற ஊர்களில் நாம்தான் தொடங்கவேண்டும்.

யூனிட் தொடங்கிய நாளுக்கு, ரைசிங் டேக்கு, ஒரு முறையாவது போய் வாருங்கள். முடிந்தால் மனைவியையும் கூட்டிப்போங்கள். என் மனைவி வெலிங்டன் வந்து, என்னோடு இருந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியதைப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "உங்கள இப்படி நான் பாத்ததே இல்ல" என்றார். அதன்பிறகு போனில் யார் கூப்பிட்டாலும் முதலில் அவர்தான் நலம் விசாரிக்கிறார்.

வாட்ஸப் குழு நல்லதுதான், ஆனால் காலை வணக்கப் படம் அனுப்புவதால் பசி தீராது. மாதம் ஒரு தடவை நேரில் பாருங்கள். கேன்டீன் போகும் நாளை ஒன்றாக வைத்துக்கொண்டாலே போதும்.

அப்பா 1971 போரில் இருந்தவர். அவரோடு இருந்தவர்களை இப்போது தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். ராணுவ எண், பட்டாலியன், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி அதில் இருக்கும். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனில் இருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கும், அந்தப் பட்டாலியனின் சுபேதார் மேஜருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள். கூட இருந்தவர்கள் பெயரையும் ஊரையும் அப்பாவிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், நாள் கடத்தாதீர்கள்.

போளூர் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்காக இப்படி எழுதினோம். எட்டு மாதம் கழித்துக் கொல்லத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு பேரும் பெயர் சொல்லவில்லை. இவர் தன் ராணுவ எண்ணைச் சொன்னார், அவர் தன்னுடையதைச் சொன்னார். பிறகு செக்‌ஷனில் இருந்த பத்துப் பேரையும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். "அவன் போயிட்டான்." "அவனும் போயிட்டான்." "அவனைப் பத்தித் தெரியல." கடைசியில் உயிரோடு இருக்கக்கூடியவர் இன்னும் ஒருவர் என்று நின்றது. அனந்தபூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம். மகள் அந்த ஊர்ப் பெயரைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். அங்கே இரண்டு கடிதம் போட்டிருக்கிறோம். மூன்றாவதை இந்த வாரம் அனுப்புகிறேன்.